பதினோரு ஊக்குகள்

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நங்கூரம் உள்ளே என்னதான் செய்கிறாள் என்பது அந்த வீட்டில் ஆறு மாதமாக நீடித்துவரும் மர்மம்.

"அம்மா! எனக்கு எட்டரைக்கு பஸ். நீ குளிச்சு முடிச்சு கால் மணி நேரம் ஆச்சு. உள்ள என்ன, துணியை நெய்யறியா?" மகள் கதவைத் தட்டினாள்.

"வந்துட்டேன்டி, வந்துட்டேன்!"

வரவில்லை. இன்னும் நாலு ஊக்கு பாக்கி இருந்தது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துச் சீருடையில் ஒன்று முதல் ஆறு வரை அளவு உண்டு. அவளுடையது ஆறு. நூற்றொன்பது கிலோ இருந்தபோது கொடுத்தது. இப்போது அவள் எழுபத்திரண்டு. அந்த நீலச் சட்டைக்குள் இன்னொரு ஆளைத் தாராளமாகக் குடிவைக்கலாம். அதனால் தினமும் காலையில் உள்பக்கமாகக் கொசுவிப் பிடித்து ஊக்கு குத்துவாள். தோளுக்கு நாலு, பக்கவாட்டில் நாலு, முதுகில் ஒன்று, கால்சட்டை இடுப்பில் இரண்டு. மொத்தம் பதினொன்று. சாயங்காலம் கழற்றி எண்ணி, பழைய மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பாள்.

புதுச் சீருடை கேட்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டிருக்கலாம்தான். ஆனால் ஸ்டோர் ரூமில் நாலு பேர் முன்னால் போட்டுப் பார்க்கவேண்டும். சின்ன அளவின் கை முழங்கைக்கு வெகு மேலேயே நின்றுவிடும். அதுவும் போக, எடை திரும்ப ஏறிவிட்டால்? "அந்த ஆறாம் நம்பரையே திருப்பிக் குடுங்க" என்று போய் நிற்பதா?

இளைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் ஒன்றரை வருஷம் பாடுபட்டாள். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள், வேலைக்கு நடந்தே போனாள், சில நாள் பசியில் அழுதும் இருக்கிறாள். முட்டிவலி போயே போயிற்று. வெட்கம் மட்டும் போகவில்லை. அன்று குண்டாக இருக்கிறோமே என்று வெட்கம். இன்று கையைத் தூக்கினால் மேல்கைத் தோல் காலிப் பை போலத் தொங்குகிறதே என்று வெட்கம். உடை மாற்றும்போது இப்போதும் அறையின் விளக்கை அணைத்தாள்.

பார்க்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. வார்டு குமாஸ்தா அவளைக் கண்டால் போதும், குரலைத் தாழ்த்தி, "என்னம்மா இப்படி இளைச்சிட்டே? சுகரா?" என்பார். இல்லை என்றால் நம்பமாட்டார். "வெளிய சொல்லாதே, எனக்குத் தெரியும்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போவார்.

கடைசி ஊக்கையும் குத்திக்கொண்டு அவள் வெளியே வந்தாள். மகள் தோள்பையைத் தூக்கிக் காட்டினாள்.

"பை வார் அறுந்துடுச்சு. ஒரு ஊக்கு குடும்மா."

"ஊக்கா? நம்ம வீட்ல ஏது ஊக்கு?"

"அதானே! ஒரு வீட்ல ஒரு ஊக்குகூட இல்லாம இருக்குமா? கேட்டா யாரும் நம்பமாட்டாங்க."

சாப்பாட்டு மேசையில் கணவர் மூன்றாவது ரொட்டியை முடித்துவிட்டு நாலாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். மனைவி தட்டில் மிச்சம் வைத்ததையெல்லாம் வீணாகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் காப்பாற்றி வந்ததில், ஒன்பது கிலோ அவர் பக்கம் மாறியிருந்தது.

"இன்னைக்குத்தானே மேட்ச்?" என்றார் மெதுவாக.

அவள் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் தேவைக்கு மேல் இறுக்கினாள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஆஸ்பத்திரியில் வருஷா வருஷம் பிரிவுகளுக்கிடையே கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். ஏழு வருஷமாகச் சலவைக்கூடத்துப் பெண்கள் தோற்றதில்லை. காரணம் கயிற்றின் கடைசியில் நின்ற நம் ஆள். இடுப்பில் கயிற்றைச் சுற்றிக் காலை ஊன்றினால் எதிரணி நகர்த்தவே முடியாது. நங்கூரம் என்ற பேர் அப்படி வந்ததுதான். இந்த வருஷம் பட்டியல் ஒட்டினார்கள். கடைசி வரியில், இஸ்திரிப் பகுதிக்குப் புதிதாக வந்த பெண்ணின் பேர் இருந்தது. பட்டியலை எழுதியது வேறு யாருமில்லை, ஷிப்ட் பொறுப்பாளர். அதாவது கணவரின் சொந்த அக்கா. நங்கூரத்தின் நாத்தனார்.

அதோடு இருவரும் பேச்சை நிறுத்தி நாலு நாள் ஆகிறது.

"அக்கா ஏதாவது யோசிச்சுத்தான் செஞ்சிருக்கும்" என்றார் கணவர்.

"ஆமா. குண்டா இருந்தப்ப வேணும்னா, இளைச்சதும் வேணாம்னா. நல்லா யோசிச்சிருக்காங்க."

"இல்லடா, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"நீங்க அந்த நாலாவது ரொட்டியைச் சாப்பிடுங்க."

அவர் சொல்பேச்சு கேட்டார்.

* * *

ஆஸ்பத்திரி வாசலில் புதிதாகக் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். எதிரே நீலச் சட்டையில் ஒரு பெண் வேகமாக வருவதைப் பார்த்து நங்கூரம் ஒதுங்கி வழிவிட்டாள். அவளும் ஒதுங்கினாள். "நீங்க போங்க" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது தன்னுடைய பிம்பம் என்று தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

சலவைக்கூடத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது சிவப்பு எழுத்துப் பலகை. ஊக்கு, குண்டூசி, ஹேர்பின் உள்ளே கொண்டுவரக் கூடாது. துணியோடு ஓர் ஊக்கு மெஷினுக்குள் போனால், ஒரு சுற்றில் இருபது விரிப்பு கிழியும். அதையும் தாண்டி இஸ்திரி உருளைக்குப் போனால் உருளையே போச்சு. ஆறு மாதமாக அந்தப் பலகைக்கு அடியில் பதினோரு ஊக்கோடு போய்வருகிறவளுக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு டீ வந்தது. நாத்தனார் தன் பன்னை எடுத்து இஸ்திரிப் பெண் பக்கம் தள்ளினாள். "நீ சாப்பிடு. சாயங்காலம் கடைசில நிக்கப்போறவ."

"குடுங்கக்கா. கடைசில நான் நின்னா எட்டு பேர் இல்ல, எண்பது பேர் இழுத்தாலும் நகரமாட்டேன்" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு பன்னையும் முடித்தாள். அகலமான தோள், அகலமான சிரிப்பு. தன் உடம்போடு அவளுக்கு ஒரு சண்டையும் இருப்பதாகத் தெரியவில்லை. நங்கூரத்துக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. பொறாமைதான் வந்தது, அதுவும் எடைக்காக இல்லை.

பத்தரைக்கு மூன்றாம் நம்பர் மெஷின் கிறீச்சிட்டது.

எல்லாரும் ஓடினார்கள். மெஷினை நிறுத்தி, ஈரத்துணியை அள்ளிப் போட்டு, நாத்தனார் மெஷின் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

ஊக்கு.

நங்கூரம் அனிச்சையாக இடது விலாவைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே சட்டை தளர்ந்து தொங்கியது.

பத்து நிமிஷத்தில் மேனேஜர் வந்துவிட்டார். நாலு விரிப்பு கிழிந்திருப்பதைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "இது யாரோடதுன்னு தெரியாம லாண்டரி ஆளுங்க ஒருத்தரும் கிரவுண்டுக்குப் போகவேண்டாம். மேட்ச் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு பெண்களும் வரிசையாக நின்றார்கள். இஸ்திரிப் பெண்ணின் முகம் தொங்கிப்போயிருந்தது. நாத்தனார் உள்ளங்கையில் ஊக்கை வைத்துக்கொண்டு, வரிசையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தாள்.

அதற்குள் நங்கூரம் முன்னால் வந்துவிட்டாள்.

"அண்ணி, அது என்னோடது."

"உன்னோடதா?"

நங்கூரம் சட்டையின் விளிம்பைப் பிடித்து உள்பக்கத்தை வெளியே புரட்டிக் காட்டினாள். விளிம்பிலிருந்து மேலே வரிசையாக ஊக்குகள் மின்னின.

இஸ்திரிப் பெண்தான் முதலில், "அடியாத்தீ, உள்ள ஒரு கடையே வெச்சிருக்கீங்களேக்கா!" என்றாள். ஒருத்தி களுக்கென்றாள். அடுத்தவள் வாயைப் பொத்தினாள். மொத்தக் கூடமும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. நங்கூரத்துக்கே அழுகையோடு சேர்த்துச் சிரிப்பும் வந்து தொலைத்தது.

நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. மேனேஜருக்குப் போன் போட்டாள். "ஆள் தெரிஞ்சிடுச்சு சார். நான் பாத்துக்கறேன். மேட்ச் உண்டுதானே? சரி சார்." போனை வைத்துவிட்டு, நங்கூரத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ வா என்கூட."

* * *

ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்தியதும் நாத்தனார் அலமாரியைக் குடைந்தாள்.

"எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"ஆறு மாசமா."

"இந்தா, போடு. மூணு."

"மூணா? எனக்கா? அஞ்சு குடுங்க அண்ணி, பாத்துக்கலாம்."

"நான் இருபது வருஷமா சீருடை குடுக்கறேன். போடுன்னா போடு."

சட்டை எங்கேயும் பிடிக்காமல், எங்கேயும் தொங்காமல், அவளுக்கென்றே தைத்ததுபோல உட்கார்ந்தது. கைதான் முழங்கைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. சுவர்க் கண்ணாடியில் அவள் கையை லேசாகத் தூக்கினாள். கீழே தோல் ஆடியது. உடனே கையை உடம்போடு ஒட்டிக்கொண்டாள்.

"இதோட நான் வெளிய வரமாட்டேன். பாருங்க, அசிங்கமா இருக்கு."

"காட்டு" என்று நாத்தனார் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முப்பத்தேழு கிலோ தங்கியிருந்த இடம். காலி பண்ணிட்டுப் போச்சுன்னா வீடு கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும். இதுல அசிங்கம் என்ன?"

"அப்புறம் ஏன் என் பேரை எடுத்தீங்க?" நாலு நாளாக நெஞ்சில் கிடந்த கேள்வி தானாக வெளியே வந்துவிட்டது.

"யார் எடுத்தது?"

"பட்டியல்ல கடைசில..."

"கடைசில எடை வேணும். உன்கிட்ட இப்ப அது இல்ல, அந்தப் பொண்ணுகிட்ட இருக்கு. முதல் வரியைப் படிச்சியா?"

நங்கூரம் இல்லை என்று தலையாட்டினாள்.

"முதல் ஆளா உன் பேரைத்தான் எழுதியிருக்கேன். எல்லாருக்கும் முன்னாடி. காலை ஊனி நிக்கத் தெரிஞ்சவ, இப்ப உடம்பும் லேசு, உன்னைவிட யாரு இருக்கா? நீ என்னடான்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டுப் போயிட்ட. முதல் இடம் உனக்குப் பிடிக்கலைபோலன்னு நாங்களும் வாயை மூடிக்கிட்டோம்."

ஏழு வருஷமாகத் தன் பேரைக் கடைசி வரியில் மட்டுமே தேடிப் பழகியவள். அங்கே இல்லை என்றதும் திரும்பி நடந்துவிட்டாள். மேலே ஏழு வரி தாண்டிக் கண்ணை உயர்த்தத் தோன்றவே இல்லை.

சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. கூடவே பயமும். கடைசியில் நிற்கிறவளை யாரும் பார்ப்பதில்லை. முதலில் நிற்கிறவளைத்தான் எதிரணி முதல் வேடிக்கை பார்க்கிறவர் வரை அத்தனை பேரும் பார்ப்பார்கள், அதுவும் கையை நீட்டிக்கொண்டு.

"யோசிச்சுச் சொல்லு" என்றாள் நாத்தனார். பேசிக்கொண்டே கையோடு ஒரு நாலாம் நம்பர்ச் சட்டையை எடுத்து அவள் தன் தோளோடு வைத்துப் பார்த்ததையும், சட்டென்று திரும்ப அலமாரியில் திணித்ததையும் நங்கூரம் பார்த்தாள். அவளுக்கிருந்த படபடப்பில் அது மனதில் தங்கவில்லை.

* * *

நாலு மணிக்குப் பின்பக்க மைதானம் நிரம்பிவிட்டது. கணவர் கையில் கிரீஸ் கறையோடு லிஃப்ட் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருந்தாள்.

"அப்பா, அம்மா முன்னாடி நிக்கிறாங்க!"

"நங்கூரம் எப்படிடீ முன்னாடி?"

"கப்பல்ல நங்கூரம் முன்னாடிதானேப்பா தொங்கும்!"

கணவர் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பெருமையாகத் தலையாட்டினார்.

எதிரே, ஆஸ்பத்திரி ஆட்களுக்கெல்லாம் மதியச் சாப்பாடு போடும் சமையலறை அணி. அதன் முதல் இடத்தில் தலைமைச் சமையல்காரம்மா, இரண்டடி தூரத்தில், முகத்துக்கு முகம். விசில் ஊதினார்கள். நங்கூரம் முழங்கையை விலாவோடு இடுக்கிக்கொண்டு இழுத்தாள். கைத்தோல் வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான் அவள் கவலை. கை நீளாமல் கயிறு எப்படிப் பிடிபடும்? சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது. பத்து எண்ணுவதற்குள் சலவைக்கூடம் கோட்டைத் தாண்டி விழுந்தது.

"கையை நீட்டுடி!" ஓரத்திலிருந்து நாத்தனார் கத்தியது ஐந்தாவது மாடி வரை கேட்டிருக்கும்.

தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தவளைச் சமையல்காரம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். கையைத்தான் பார்க்கிறாள் என்று நங்கூரத்துக்குத் தோன்றியது. இதோ சொல்லப்போகிறாள்.

"ஒன்றரை வருஷமா உன் தட்டு மட்டும் பாதி மிச்சத்தோட திரும்பி வருது" என்றாள் சமையல்காரம்மா. "என் சமையல்ல என்ன குறைன்னு தினமும் மண்டையைக் குடையறேன். தூக்கம் போச்சு எனக்கு. இன்னைக்கு அதுக்கெல்லாம் சேர்த்துத்தான் இழுக்கறேன்."

நங்கூரம் தூசி தட்டுவதை நிறுத்தினாள். "குறையா? ருசிதாங்க பிரச்சினையே! முழுசாச் சாப்பிட்டா இன்னொரு தட்டு கேப்பேன். அதுக்குப் பயந்துதான் பாதில எழுந்திருக்கேன்."

"நெஜமாவா?"

"எங்க வீட்டுக்காரர் மேல ஆணையா."

சமையல்காரம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் நங்கூரத்துக்கு ஒன்று உறைத்தது. இந்த அம்மா ஒன்றரை வருஷமாகத் தன் தட்டைப் பார்த்திருக்கிறாள். கையைப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது விசில். நங்கூரம் இரண்டு கையையும் முழுசாக நீட்டிக் கயிற்றைப் பிடித்தாள். தோல் ஆடியது. ஆடட்டும் என்று விட்டாள். குதிகாலை மண்ணில் புதைத்துச் சாய்ந்தாள். அந்தத் தொங்கும் தோலுக்குள்ளே பதினெட்டு வருஷமாக ஈரவிரிப்புகளைத் தூக்கிப் பிழிந்த தசை அப்படியே இருந்தது. அதை அவள் மறந்தே போயிருந்தாள். கடைசியில் இஸ்திரிப் பெண் சொன்னபடியே ஓர் அங்குலம் நகரவில்லை. கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத்துணி மெல்ல மெல்லச் சலவைக்கூடத்துப் பக்கம் வந்தது.

"டேய், சுகர் வந்தவ இழுக்கற இழுப்பா இது!" வார்டு குமாஸ்தாவின் குரல் கூட்டத்தில் கேட்டது.

நங்கூரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இழுத்தாள். அந்தச் சுற்று அவர்களுக்கு. மூன்றாவது சுற்றில் இரண்டு அணியும் ஒரு நிமிஷத்துக்கு மேல் அசையாமல் நின்றன. பிறகு சமையலறைப் பக்கம் யாருக்கோ கால் வழுக்கியது, சிவப்புத்துணி கோட்டைத் தாண்டியது, சலவைக்கூடத்துப் பெண்கள் எட்டுப் பேரும் ஒரே குவியலாக மல்லாந்து விழுந்தார்கள்.

எட்டாவது வருஷம்!

நாத்தனார் ஓடிவந்து தம்பி மனைவியைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டாள். அத்தனை பேர் நடுவில், அத்தனை இறுக்கமாக. "ஸ்ஸ்" என்று நங்கூரம் விலகினாள். விலாவில் ஏதோ சுருக்கென்றது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணி, எதுவோ குத்திச்சு."

"நகமா இருக்கும்" என்று நாத்தனார் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகள் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்தாள். ஏழு வருஷப் படங்களிலும் யாருடைய தோளுக்குப் பின்னாலோ ஒளிந்திருந்தவள் இந்தத் தரம் முன்வரிசை நடுவில், கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். படத்தைக் காட்டியபோது அவள் கண் நேராகப் போனது கைக்குத்தான். சங்கடமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

"வேற எடுக்கட்டுமாம்மா?"

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேணாம். இதுவே இருக்கட்டும். எனக்கும் ஒண்ணு அனுப்பு."

* * *

ஆறரை மணிக்கு வீட்டில் கணவர் வெற்றியைக் கொண்டாடும் வகையில் நாலாவது கோப்பை சூப்பில் இருந்தார். நங்கூரம் அறைக்குள் போனாள். விளக்கைப் போட்டாள். போட்டபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு உடை மாற்றினாள்.

பிறகு ஆறாம் நம்பர்ச் சீருடையைக் கட்டிலில் விரித்தாள். நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் போட்டாள். தோளில் நாலு. முதுகில் ஒன்று. இடுப்பில் இரண்டு. வலது விலாவில் இரண்டு. இடது விலாவில் ஒன்று. பத்து. பதினொன்றாவது போனது மெஷினுக்குத்தானே.

சட்டையை மடித்தபோது விரலில் ஏதோ கீறியது.

இடது விலாவின் மடிப்புக்குள், வாய் பிளந்து வளைந்துபோய், ஆனால் துணியிலேயே மாட்டிக்கொண்டு இருந்தது இன்னொன்று.

மறுபடி எண்ணினாள். மூன்றாம் தரம் விரல்விட்டு எண்ணினாள். பதினொன்று. தன்னுடையது ஒன்றுகூட எங்கேயும் போகவில்லை.

அப்படியானால் மெஷினில் கிடைத்தது?

இஸ்திரிப் பெண் பக்கம் தள்ளிவிட்ட பன். சொல்ல வந்து சொல்லாமல் மூடிய வாய். தோளோடு வைத்துப் பார்த்த நாலாம் நம்பர்ச் சட்டை. கட்டிக்கொண்டபோது விலாவில் சுருக்கென்றது. ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் வரிசையில் நின்றன. அண்ணியும் இளைத்துப்போய், சட்டைக்குள் ஊக்கு குத்திக்கொண்டுதான் வருகிறாள்.

நங்கூரம் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே, அண்ணி எதற்காக, யாருக்கும் சொல்லாமல், என்ற கவலையும் வந்தது. போனை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

முதல் மணி முழுசாக அடிக்கவில்லை. எதிர்முனையில் ஹலோகூடச் சொல்லாமல் நாத்தனாரின் குரல், அவள் வாழ்நாளில் கேட்டிராத அளவுக்குச் சின்னதாக, கேட்டது.

"எண்ணிட்டியா?"